மழலையிடம் கொடுத்த வாக்கு



புகழ் அனைத்தும் அல்லாஹ் ஒருவனுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார் மீதும், தோழர்கள் மீதும் என்றென்றும் உண்டாகட்டும்.

கண்ணியத்திற்குரிய பெரியோர்களே! அன்புச் சகோதரர்களே! இந்தப் பயானை வீட்டிலிருந்து வாசிக்கும் தாய்மார்களே! கடல் கடந்து வேலை பார்க்கும் இடத்தில், அறையில் உட்கார்ந்து வாசிக்கும் பிள்ளைகளே! இன்றைய பேச்சு உங்களுக்கும் சேர்த்துத்தான். சொல்லப்போனால் உங்களுக்குத்தான் அதிகம்.

மிம்பரை விட்டு இறங்கிய நபி

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மிம்பரில் நின்று குத்பா சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எதிரே ஸஹாபாக்கள் அமர்ந்திருக்கிறார்கள். அப்போது பேரப்பிள்ளைகள் ஹஸனும் ஹுஸைனும் (ரலி) சிவப்புச் சட்டை போட்டுக்கொண்டு உள்ளே வருகிறார்கள். நடக்கிறார்கள், தடுக்குகிறார்கள். மறுபடி நடக்கிறார்கள், மறுபடி தடுக்குகிறார்கள். நபியவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். மிம்பரிலிருந்து இறங்கினார்கள். இரண்டு பேரையும் தூக்கி வந்து தம் முன்னால் வைத்துக்கொண்டார்கள். பொருளும் பிள்ளைகளும் சோதனை என்று அல்லாஹ் சொன்னது உண்மை. இவர்கள் தடுக்கித் தடுக்கி வருவதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை என்ற கருத்தில் சொல்லிவிட்டுத் தம் குத்பாவைத் தொடர்ந்தார்கள். புரைதா (ரலி) அவர்கள் அறிவிக்கும் இந்தச் செய்தி அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது.

அந்தத் தடுக்கி நடக்கும் வயதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம். ஒன்றரை, இரண்டு, மூன்று வயது. பால்குடியும் இல்லை, பள்ளிக்கூடப் பிள்ளையும் இல்லை.

பிள்ளை வளர்ப்பு பற்றிப் பயான்களில் நிறையக் கேட்டிருக்கிறோம். ஏழு வயதில் தொழச் சொல்ல வேண்டும், மதரஸாவுக்கு ஒழுங்காக அனுப்ப வேண்டும், செல்போனைக் கண்காணிக்க வேண்டும் என்றெல்லாம் பேசுகிறோம். பிள்ளை பிறந்ததும் செய்யவேண்டிய சுன்னத்துகளும் நமக்குத் தெரியும். வலது காதில் பாங்கு சொல்கிறோம். பேரீச்சம்பழத்தை மென்று வாயில் தடவுகிறோம். ஏழாம் நாள் முடி இறக்கி, பெயர் வைத்து, அகீகா கொடுத்து, முடியின் எடைக்கு வெள்ளி தர்மம் செய்கிறோம். அல்ஹம்துலில்லாஹ், நம் ஊரில் ஏழை வீட்டில்கூட இவற்றில் முடிந்ததை விடுவதில்லை.

அந்த ஏழாம் நாளுக்கும் இந்த ஏழாம் வயதுக்கும் நடுவில் இருக்கும் காலத்தில் அந்தப் பிள்ளைக்கு என்ன சொல்லிக் கொடுக்கிறோம்? ‘அது பச்சப் புள்ள ஹஜ்ரத், அதுக்கு என்ன தெரியும்?’ என்று கேட்பீர்கள். அதற்கு என்ன தெரியும் என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்த இரண்டு குழந்தைகளைப் பற்றிச் சொல்கிறேன்.

மக்ரிபுக்குப் பின் பள்ளிவாசல் வாசலில்

மக்ரிப் தொழுகை முடிந்து வெளியே வந்தால் பள்ளிவாசல் கேட்டுக்கு அருகே தாய்மார்கள் கைக்குழந்தைகளோடு நிற்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். நம் மஹல்லாவினர் மட்டும் அல்ல, எல்லாச் சமூகத்துத் தாய்மார்களும் நிற்பார்கள். பிள்ளை இரவில் அலறுகிறது, சோறு இறங்கவில்லை, பயந்திருக்கிறது, ஓதி ஊதுங்கள் என்பார்கள். தொழுதுவிட்டு வருகிற ஒவ்வொருவரிடமும் பிள்ளையின் தலையை நீட்டுவார்கள். தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக வருகிற வழக்கம் இது. பிள்ளைகளுக்காக ஓதுவதற்கு நபிவழியும் உண்டு. ஹஸன், ஹுஸைன் இருவருக்காகவும் நபியவர்கள் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடி ஓதுவார்கள். உங்கள் பாட்டனார் இப்ராஹீமும் (அலை) இஸ்மாயீல், இஸ்ஹாக் இருவருக்கும் இதைத்தான் ஓதினார்கள் என்றும் சொல்வார்கள். இப்னு அப்பாஸ் (ரலி) அறிவிப்பதாகப் புகாரியில் வருகிறது.

கொஞ்ச நாளுக்கு முன் ஒரு தாய் தன் இரண்டரை வயது மகளைத் தொடர்ந்து நான்கு நாள் கொண்டு வந்தார். பிள்ளை இரவில் மூன்று முறை எழுந்து வாசல் கதவுக்குப் போய் உட்கார்ந்துகொள்கிறதாம். பகலில் யாராவது கடைக்குக் கிளம்பினால் அலறி, காலைக் கட்டிக்கொள்கிறதாம். ‘ஏதோ பயந்த கோளாறு’ என்று தண்ணீர் ஓதி வாங்கிப் போனார்கள். நான்காம் நாள் அந்தப் பிள்ளையின் நன்னியும் கூட வந்திருந்தார். ‘பிள்ளையின் அத்தா எங்கே?’ என்று கேட்டேன். ‘சவூதிக்குப் போயி பத்து நாளாச்சு ஹஜ்ரத்’ என்றார். ‘போகும்போது பிள்ளையிடம் சொல்லிவிட்டுப் போனாரா?’ என்றேன். நன்னி சொன்னார்: ‘எப்படிச் சொல்ல முடியும்? அழுவுமே. ராத்திரி ஒரு மணிக்குத் தூங்கும்போது கார்ல கிளப்பி விட்டோம். காலையில கேட்டுச்சு. அத்தா கடைக்குப் போயிருக்காக, முட்டாய் வாங்கிட்டு வந்துருவாகன்னு சொன்னோம்.’

என் கையில் இருந்த தண்ணீர் பாட்டிலை அப்படியே திருப்பிக் கொடுத்தேன். இதற்குத் தண்ணீர் போதாது.

யோசித்துப் பாருங்கள். அந்தப் பிள்ளைக்குக் கடை என்றால் தெருமுனைக் கடை. போனவர் ஐந்து நிமிடத்தில் வருகிற இடம். அங்கே போன அத்தா பத்து நாளாக வரவில்லை. இனி உம்மா கடைக்குப் போனால் வருவாளா? நன்னி போனால்? அது பயந்தது ஜின்னுக்கும் அல்ல, கண்ணேறுக்கும் அல்ல. நாம் சொன்ன ஒரு சொல்லுக்கு அது பயந்தது.

நம் ஊருக்கு இது புதிய பிரச்சினை இல்லை. செங்கோட்டை 1956 நவம்பர் 1-ஆம் தேதிக்கு முன் திருவிதாங்கூரோடு இருந்த ஊர். மலைக்கு அந்தப் பக்கம் போய்ச் சம்பாதிப்பது நம் பாட்டன் காலத்து வழக்கம். இப்போது அதே புளியரை, ஆரியங்காவு, தென்மலை வழியாகத் திருவனந்தபுரம் விமான நிலையத்துக்குப் போகிறோம். விமானத்தின் நேரத்துக்கு ஏற்பக் கார் நடுராத்திரியில்தான் கிளம்புகிறது. செங்கோட்டையில் மட்டுமா? கடையநல்லூரிலும் வடகரையிலும் தென்காசியிலும் தூங்குகிற பிள்ளையின் நெற்றியில் முத்தம் வைத்துவிட்டுக் கள்ளனைப் போலப் படி இறங்கிய தகப்பன்மார்கள் எத்தனை பேர்! அந்த மனவேதனையை நான் குறை சொல்லவில்லை. அல்லாஹ் அவர்களின் ரிஜ்கில் பரக்கத் செய்வானாக. ஆனால் காலையில் எழுந்து கட்டிலைத் தடவிப் பார்க்கிற பிள்ளைக்கு நாம் என்ன பதில் வைத்திருக்கிறோம் என்று கேட்கிறேன்.

வா, ஒன்று தருகிறேன்

அப்துல்லாஹ் இப்னு ஆமிர் (ரலி) என்கிற ஸஹாபி தன் சிறுவயது நிகழ்ச்சி ஒன்றைச் சொல்கிறார்கள். நபியவர்கள் அவர்கள் வீட்டுக்கு வந்து அமர்ந்திருக்கிறார்கள். பையன் விளையாட வெளியே ஓடுகிறான். தாய் அவனைக் கூப்பிடுகிறார்: வா, உனக்கு ஒன்று தருகிறேன் என்று. நாம் தினமும் சொல்வதுதான். நபியவர்கள் அந்தத் தாயிடம் கேட்டார்கள்: அவனுக்கு என்ன கொடுக்க நினைத்தாய்? பேரீச்சம்பழம் என்றார் அந்த அம்மா. அதற்கு நபியவர்கள், நீ ஒன்றும் கொடுக்காமல் இருந்திருந்தால் உன் மீது ஒரு பொய் எழுதப்பட்டிருக்கும் என்ற கருத்தில் சொன்னார்கள். அபூதாவூதிலும் முஸ்னத் அஹ்மதிலும் இது இருக்கிறது.

சகோதரர்களே! இந்த ஹதீஸைக் கொஞ்சம் நின்று பாருங்கள். அந்தத் தாய் வியாபாரத்தில் பொய் சொல்லவில்லை, சாட்சியத்தில் பொய் சொல்லவில்லை. ஓடுகிற பிள்ளையை வீட்டுக்குள் இழுக்க ஒரு வார்த்தை சொன்னார், அவ்வளவுதான். அவர் கையில் பேரீச்சம்பழம் இருந்ததால் அது உண்மையானது. கை காலியாக இருந்திருந்தால் மலக்குகள் அதைப் பொய் என்று எழுதியிருப்பார்கள். பிள்ளையிடம் சொன்னதற்குத் தனி ஏடு கிடையாது. பெரியவரிடம் சொன்ன பொய் எழுதப்படுகிற அதே ஏடுதான்.

இன்னொன்றையும் கவனியுங்கள். அந்தப் பையன் வளர்ந்து பெரிய மனிதரான பிறகும் இதை மறக்கவில்லை. தாய் என்ன சொன்னார், நபியவர்கள் என்ன கேட்டார்கள், கையில் என்ன இருந்தது என்பதெல்லாம் அவர் நினைவில் நின்றது. பச்சைப் பிள்ளைக்கு என்ன தெரியும் என்கிறோமே!

எந்த இடத்தில் உண்மைக்குப் புறம்பாகப் பேசுவதற்குச் சலுகை உண்டு என்று ஹதீஸில் தெளிவாக வந்திருக்கிறது. போர்க்களம், பகைத்தவர்களைச் சேர்த்து வைப்பது, கணவன் மனைவி இடையே அன்பை வளர்ப்பது. முஸ்லிம் ஷரீஃபில் இருக்கும் இந்த மூன்றையும் எண்ணிப் பாருங்கள். பிள்ளையைத் தூங்க வைப்பது அதில் இல்லை. சோறு ஊட்டுவதும் இல்லை. இப்னு மஸ்ஊத் (ரலி) அவர்களோ இன்னும் வெளிப்படையாகவே சொன்னார்கள்: விளையாட்டுக்கும் பொய் ஆகாது, தன் பிள்ளைக்கு ஒன்றை வாக்களித்துவிட்டுக் கொடுக்காமல் இருப்பதும் ஆகாது என்று. இமாம் புகாரி இதை அல்அதபுல் முஃப்ரத் நூலில் பதிவு செய்திருக்கிறார்கள்.

நம் வீட்டுச் சின்னச் சின்னப் பொய்கள்

இப்போது நம் வீட்டுக்கு வருவோம். காலையில் பிள்ளை போனைக் கேட்கிறது. ‘சார்ஜ் இல்ல செல்லம்’ என்கிறோம். அடுத்த நிமிடம் அதே போனில் நாம் பேசுகிறோம். இரண்டிலிருந்து நான்கு வயதுப் பிள்ளை ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை பார்க்கக் கூடாது, அதற்கும் குறைவானால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னது. கொடுக்காமல் இருப்பது சரிதான். ‘இப்போ கிடையாது’ என்று சொல்லிக் கொடுக்காமல் இருங்கள். சார்ஜைக் குறை சொல்லாதீர்கள்.

ஒன்றரை வயதுத் தடுப்பூசிக்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறோம். ‘ஊசி எல்லாம் இல்ல, சும்மா பாத்துட்டு வருவோம்’ என்கிறோம். ஊசியின் வலி சீக்கிரம் போய்விடும். உம்மா சொன்னது நடக்கவில்லை என்பது போகுமா? ‘கொஞ்சம் வலிக்கும்மா, நான் பிடிச்சுக்கிறேன்’ என்று சொன்னால் பிள்ளை அழும்தான். ஆனால் உங்கள் தோளில் முகத்தைப் புதைத்து அழும். பொய் சொன்னால் உங்களிடமிருந்து திமிறிக்கொண்டு அழும்.

சோறு ஊட்ட மாட்டேன் என்கிற பிள்ளைக்குப் பூச்சாண்டியைக் காட்டுகிறோம். போலீஸைக் காட்டுகிறோம். சில வீடுகளில், தாய்மார்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது, என்னைக் காட்டுகிறீர்கள்! ‘சாப்பிடல்லேன்னா ஹஜ்ரத் வந்து பிடிச்சிட்டுப் போயிருவாக.’ தெருவில் என் தொப்பியையும் தாடியையும் பார்த்ததும் உம்மாவின் புர்காவுக்குள் ஒளியும் பிள்ளைகளை எனக்குத் தெரியும். சிரித்துக்கொண்டு போய்விடுவேன். ஆனால் யோசியுங்கள்: இன்னும் இரண்டு வருடத்தில் அந்தப் பிள்ளை அலிஃப், பே ஓத என்னிடம்தான் வரவேண்டும். பிள்ளையைப் பிடித்துப் போகிறவரிடம் அது எப்படி ஓத உட்காரும்?

பால் மறக்கடிக்கும் காலத்தையும் எடுத்துக்கொள்ளுங்கள். வேப்பிலையை அரைத்துப் பூசுகிற வழக்கம் நம் வீடுகளில் உண்டு. ஒரே நாளில் பாலைக் கசப்பாக்கி, ‘பூச்சி கடிச்சிருச்சு’ என்று சொல்லிப் பிள்ளையை விலக்குவார்கள். குர்ஆன் இந்தச் சின்ன விஷயத்துக்குள்ளும் வருகிறது. தாய்மார்கள் முழுமையாக இரண்டு ஆண்டுகள் பாலூட்டுவதைச் சொல்லிவிட்டு, பாலை நிறுத்துவதானால் தாயும் தகப்பனும் மனம் ஒத்து, கலந்து ஆலோசித்து நிறுத்தட்டும் என்கிறது சூரத்துல் பகராவின் 233-ஆம் வசனம். ஒரு குழந்தையின் பாலை நிறுத்த ஆலோசனையாம்! ஊர் ஜமாஅத்துக்குச் சொல்லப்பட்ட மஷூராவை அல்லாஹ் தொட்டில் பக்கத்திலும் வைத்திருக்கிறான். உலக சுகாதார நிறுவனமும் இன்று இரண்டு வயது வரைக்கும், அதற்கு மேலும் தாய்ப்பால் கொடுக்கலாம் என்றுதான் சொல்கிறது. அப்படியானால் என்ன அவசரம்? நாள் கணக்கில் மெல்ல மெல்லக் குறைக்கலாம். ‘நீ பெரிய புள்ளையாயிட்ட, இனி தம்ளர்ல குடிக்கலாம்’ என்று உண்மையைச் சொல்லலாம். அந்த வாரம் முழுக்க இரவில் எழுந்து தூக்கிக்கொண்டு நடப்பது தகப்பனின் வேலையாக இருக்கட்டும். ஆலோசனையில் பங்கு உண்டு என்றால் வேலையிலும் பங்கு உண்டு.

என் வீட்டில் நடந்தது

ஊருக்கு உபதேசம் சொல்கிற நான் என் வீட்டில் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். கேட்காவிட்டாலும் சொல்லவேண்டிய கடமை எனக்கு இருக்கிறது.

என் கடைசி மகனுக்கு மூன்று வயது. ஆனி மாதம் சாரல் தொடங்கியதும் பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் அருவிக்குப் போய்விட்டு வந்து கதை சொன்னார்கள். இவன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். ‘அத்தா, அருவிக்கு.’ நான் சொன்னேன்: ‘நாளைக்குப் போவோம் இன்ஷா அல்லாஹ்.’ மறுநாள் ஒரு நிக்காஹ். அடுத்த நாளும் கேட்டான். ‘நாளைக்கு, இன்ஷா அல்லாஹ்.’ அன்று ஒரு மய்யித். பிறகு மதரஸா பரீட்சை. பிறகு ஜமாஅத் கூட்டம். ஒவ்வொரு தடவையும் என்னிடம் நியாயமான காரணம் இருந்தது. குற்றாலம் என்ன தூரமா? நம் ஊரிலிருந்து பத்து கிலோமீட்டர்கூட இல்லை. எங்கெங்கிருந்தோ வேன் பிடித்து வருகிறார்கள். நான் ஆட்டோ பிடித்துப் போகவில்லை.

ஒருநாள் திண்ணையில் பக்கத்து வீட்டுப் பையன் இவனிடம் கேட்கிறான்: ‘நீ எப்பல அருவிக்குப் போவ?’ என் மகன் சொன்னான்: ‘எங்கத்தா இன்ஷா அல்லாஹ் சொல்லிட்டாக. போவ மாட்டோம்.’

அடுப்படியில் அவன் உம்மா சிரித்துவிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருடமாக மதரஸாவில் பிள்ளைகளுக்கு அந்த வார்த்தையின் பொருளைச் சொல்லிக் கொடுக்கிறேன். அல்லாஹ் நாடினால் என்று பொருள். என் சொந்தப் பிள்ளை என்னிடமே கற்றுக்கொண்ட பொருள்: மாட்டேன்.

வெள்ளிக்கிழமை தோறும் நாம் ஓதுகிற சூரத்துல் கஹ்ஃபில்தான் அந்த வார்த்தைக்கான கட்டளை வருகிறது. நாளைக்கு இதைச் செய்வேன் என்று எதைப் பற்றியும் அல்லாஹ்வின் நாட்டத்தைச் சேர்க்காமல் சொல்லாதீர் என்று 23, 24-ஆம் வசனங்களில் அல்லாஹ் தன் நபிக்குச் சொல்கிறான். மக்கத்துக் குறைஷிகள் சில கேள்விகள் கேட்டபோது, நாளை சொல்கிறேன் என்று நபியவர்கள் சொன்னார்கள், இன்ஷா அல்லாஹ்வைச் சேர்க்கவில்லை, வஹீ வரத் தாமதமானது என்று தஃப்ஸீர் நூல்களில் இதன் பின்னணி சொல்லப்படுகிறது. அதாவது உறுதியாகச் செய்ய நினைத்திருக்கும் ஒருவர், தன் பலத்தை நம்பாமல் அல்லாஹ்வின் பலத்தை நம்பிச் சொல்லும் வார்த்தை அது. செய்ய மனமில்லாதவன் தப்பித்துப் போகும் வாசலாக நாம் அதை மாற்றிவிட்டோம். கடன்காரரிடம் அப்படிச் சொல்கிறோம். வீட்டில் பிள்ளையிடமும் சொல்கிறோம். பேசினால் பொய், வாக்களித்தால் மீறுவது, நம்பினால் துரோகம் என முனாஃபிக்கின் அடையாளங்கள் மூன்று என்று புகாரியில் படிக்கிறோம். இரண்டாவது அடையாளத்தை என் மூன்று வயது மகன் என்னிடம் கண்டுபிடித்துவிட்டான். அல்லாஹ் மன்னிப்பானாக.

அன்று அஸருக்குப் பின் யாரையும் கேட்காமல் அவனைத் தூக்கிக்கொண்டு புலியருவிக்குப் போனேன். அவன் தண்ணீருக்குள் வரவில்லை. சத்தத்துக்குப் பயந்து ஓரத்தில் நின்று, தெறிக்கிற சாரலில் கையை மட்டும் நீட்டிக்கொண்டிருந்தான். கால் மணி நேரம். வரும் வழியில் பிரானூர் பார்டரில் ஒரு புரோட்டாவைப் பிய்த்துக் கொடுத்தேன். அவ்வளவுதான் அவன் கேட்டது. ஒரு மாதமாக நான் கொடுக்காமல் இருந்தது.

நபியவர்கள் பிள்ளைகளிடம் பேசிய விதம்

உண்மை பேசுவது என்றால் பிள்ளையிடம் கடுமையாகப் பேசுவது என்று யாரும் நினைக்க வேண்டாம். சுலைமான் நபியின் குதிரைக்கு இறக்கை இருந்ததே என்று ஆயிஷா (ரலி) தம் பொம்மைக் குதிரையைக் காட்டிச் சொன்னபோது நபியவர்கள் கடைவாய்ப் பல் தெரியச் சிரித்தார்கள் என்று அபூதாவூதில் வருகிறது. ஆகவே கதை சொல்லுங்கள், யானை ஆகுங்கள், முதுகில் ஏற்றிக் குதிரை ஆகுங்கள். அது விளையாட்டு என்று பிள்ளைக்குத் தெரியும். பொய் என்பது வேறு. பிள்ளை நம்ப வேண்டும் என்று நினைத்து, நாம் நம்பாததைச் சொல்வது.

அனஸ் (ரலி) அவர்களுக்கு அபூஉமைர் என்று ஒரு தம்பி. பால்குடி மறந்த வயது என்று அறிவிப்பில் வருகிறது. அவன் விளையாடிய சின்னப் பறவை இறந்துபோனது. நம் வீடாக இருந்தால் என்ன சொல்வோம்? ‘பறந்து போயிருச்சு, நாளைக்கு வரும்.’ நபியவர்கள் அப்படிச் சொல்லவில்லை. அவன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, அந்தக் குருவி என்ன ஆயிற்று என்று அவனிடமே விசாரித்தார்கள். அவனுடைய துக்கத்தை ஒரு பெரிய மனிதரின் துக்கத்தை விசாரிப்பது போல விசாரித்தார்கள்.

ஹஸன் (ரலி) சிறுபிள்ளையாக இருந்தபோது ஸதகாவாக வந்த பேரீச்சம்பழம் ஒன்றை எடுத்து வாயில் போட்டுவிட்டார். நபியின் குடும்பத்துக்கு ஸதகா ஆகாது. நபியவர்கள் ‘கிஃக், கிஃக்’ என்றார்கள். நாம் ‘ச்சீ, துப்பு துப்பு’ என்கிறோமே, அரபியில் குழந்தைகளுக்கான அதே சத்தம். துப்ப வைத்துவிட்டு, நாம் ஸதகா சாப்பிட மாட்டோம் என்று உனக்குத் தெரியாதா என்று காரணத்தையும் சொன்னார்கள். ‘அதுல பூச்சி இருக்கு’ என்று சொல்லவில்லை. மழலையின் மொழியில், முழு உண்மை. இரண்டு செய்திகளும் புகாரியில் இருக்கின்றன.

அழுமே ஹஜ்ரத்?

இந்தக் கேள்விதான் எல்லாத் தாய்மார்களிடமும் இருக்கிறது. உண்மையைச் சொன்னால் பிள்ளை அழுமே, என்ன செய்ய?

அழட்டும். அழுகை பிள்ளைக்குப் பேச்சு. தொழுகையில் பிள்ளையின் அழுகை கேட்டால் தாயின் தவிப்பை எண்ணி நபியவர்கள் தொழுகையைச் சுருக்கினார்கள். அழுகைக்கு இடம் கொடுத்தார்கள். அழுகை வராமல் இருக்கப் பொய் சொல்ல அவர்கள் யாருக்கும் கற்றுக்கொடுக்கவில்லை. அழுகை கொஞ்ச நேரத்தில் ஓயும். ஏமாந்த நினைவு அப்படி ஓயாது.

அந்த இரண்டரை வயதுப் பிள்ளையின் தகப்பனுக்கு நான் போனில் பேசினேன். தினமும் வீடியோ காலில் ‘நாளைக்கு வந்துருவேன் கண்ணு’ என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். ‘அதை நிறுத்துங்கள். உங்கள் அறையைக் காட்டுங்கள். கட்டிலைக் காட்டுங்கள். அத்தா இங்கேதான் தூங்குறேன், இது ரொம்ப தூரம், இங்கே வேலை பார்க்கிறேன், தினமும் மக்ரிபுக்குப் பிறகு உன்கூடப் பேசுவேன் என்று சொல்லுங்கள். சொன்னபடி பேசுங்கள்’ என்றேன். அவர் அழுதுவிட்டார். பிள்ளையும் அன்று அதிகமாகவே அழுததாம். மூன்று நாள் அப்படித்தான். பிறகு மக்ரிப் பாங்கு கேட்டதும் தானே போய்ப் போனை எடுத்து வந்து உம்மாவிடம் நீட்ட ஆரம்பித்ததாம். இன்னும் சில இரவுகளில் எழுந்துகொள்கிறது. ஆனால் கதவுக்குப் போவதில்லை என்று அந்தத் தாய் சொன்னார். அவர் விடுமுறைக்கு வந்துவிட்டு மறுபடி போகும்போது, பிள்ளை விழித்திருக்கும் நேரத்தில் ஸலாம் சொல்லிவிட்டுத்தான் போகவேண்டும் என்று வாக்கு வாங்கியிருக்கிறேன். கார் நடுராத்திரியில்தான் வரும் என்றால் தூங்குவதற்கு முன்பே மடியில் உட்கார வைத்துச் சொல்லிவிடட்டும்.

அன்பானவர்களே! இந்த ஜும்ஆவிலிருந்து நாம் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியது சில காரியங்கள்தான். வீட்டை விட்டு வெளியே போகும்போது பிள்ளைக்குத் தெரிந்து ஸலாம் சொல்லிவிட்டுப் போங்கள். கொடுக்க முடியாததைத் தருவதாகச் சொல்லாதீர்கள். ‘இல்லை’ என்பதும் உண்மைதான், அதைச் சொல்லப் பயப்படாதீர்கள். வாக்குத் தவறிவிட்டால் பிள்ளையிடம் ‘அத்தா சொன்னேன், செய்யல, தப்பு’ என்று சொல்லுங்கள். உங்கள் கௌரவம் குறையாது. வீட்டில் பாட்டன் பாட்டிமார்களையும் இந்த முடிவில் சேர்த்துக்கொள்ளுங்கள். நன்னி ஒன்றும் உம்மா ஒன்றும் சொன்னால் பிள்ளை யாரை நம்பும்? இன்ஷா அல்லாஹ் என்று சொன்னால், அதைச் செய்து காட்டி அந்த வார்த்தையின் பொருளைப் பிள்ளைக்குக் கற்றுக்கொடுங்கள்.

முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்கள் சிறுவயதில் கொள்ளையர்களிடம் தம் சட்டையில் தைத்திருந்த நாற்பது தீனாரை மறைக்காமல் சொன்ன வரலாறு நமக்கெல்லாம் தெரியும். பொய் சொல்லாதே என்று தாய் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தக் கதையை நாம் மகனின் கதையாகவே சொல்லி வருகிறோம். அது அந்தத் தாயின் கதையும்தான். தன்னிடம் ஒருபோதும் பொய் சொல்லாத ஒரு தாய் சொன்னால்தானே, பொய் சொல்லாதே என்கிற சொல் கொள்ளையர்களின் கத்திக்கு முன்னாலும் நிற்கும்?

குர்ஆனில் நூஹ், இப்ராஹீம், யஃகூப் (அலை) நபிமார்களும், லுக்மான் (அலை) அவர்களும் மகன்களைக் கூப்பிடும் ஒரு வார்த்தை இருக்கிறது: ‘யா புனய்ய’. என் சின்ன மகனே, என் அருமை மகனே என்று அர்த்தம். ஏறக்குறைய நம் வீட்டு ‘செல்லம்’. அந்தச் சொல்லுக்குப் பின் அவர்கள் சொன்னதெல்லாம் உண்மை. நம் ‘செல்லம்’ என்ற சொல்லுக்குப் பின்னும் உண்மையே வரட்டும்.

யா அல்லாஹ்! எங்கள் பிள்ளைகளை எங்கள் கண்களுக்குக் குளிர்ச்சியாக ஆக்குவாயாக. நாங்கள் அவர்களிடம் சொன்ன பொய்களையும், நிறைவேற்றாமல் விட்ட வாக்குகளையும் மன்னிப்பாயாக. பிள்ளைகளைப் பிரிந்து தூர தேசங்களில் உழைக்கும் தகப்பன்மார்களை நலமோடு வீடு சேர்ப்பாயாக. வீட்டில் தனியாகப் பிள்ளைகளைச் சுமக்கும் தாய்மார்களுக்குப் பொறுமையையும் பலத்தையும் தருவாயாக. பிள்ளைப் பாக்கியம் வேண்டிக் காத்திருப்பவர்களுக்கு ஸாலிஹான பிள்ளைகளைத் தருவாயாக. எங்கள் நாவுகளை உண்மையின் மீது நிலைநிறுத்துவாயாக.

ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.

வஸ்ஸலாமு அலைக்கும் வரஹ்மத்துல்லாஹி வபரகாத்துஹு.